கிரைண்டர் சீக்கிரமே நின்றுபோனால்: மெக்கானிக் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆடித் தள்ளுபடியில் வாங்கி, ஆவணிக் கல்யாணத்தில் சீராக வைத்து, தை பிறந்த பிறகு பெட்டி பிரிக்கிற கிரைண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஏராளம். வாரண்டி பொதுவாக பில் தேதியிலிருந்து ஓடுகிறது. பெட்டி பிரித்த தேதியை யாரும் கேட்பதில்லை. முதல் ஆழாக்கு அரிசி போடும்போதே ஒரு வருஷ வாரண்டியில் பாதி போயிருக்கும். சீர் சாமானாக இருந்தாலும் வாங்கிய வாரத்திலேயே பிரித்து, தண்ணீர் மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சீல் (தண்ணீர் மோட்டார் பக்கம் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்தாலும் பெல்ட் நழுவினாலும் அப்போதே தெரிந்துவிடும். துடைத்துத் திரும்பக் கட்டி வைத்தால் சீர்த்தட்டுக்கு ஒரு குறையும் வராது.

பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பில் தராமல் விற்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். வழவழப்பான தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பில் அப்பா பெயரிலும் கிரைண்டர் மகள் வீட்டிலும் இருப்பது பிரச்சினையே அல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

இனி, பொருள் பழுதாகிவிட்டது. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் கை போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். வெளியாள் ஸ்க்ரூவைத் தொட்ட நிமிடத்தில் கம்பெனிக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். முதலில் ஸ்விட்சைப் போட்டு, ஓடாததையோ சத்தம் வருவதையோ போனில் வீடியோ எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் ஸ்டிக்கரும் அதே வீடியோவில் வரட்டும். கருகல் வாடையோ புகையோ வந்தால் மறுபடி ஓட்ட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிலைமையை மட்டும் படம் எடுங்கள். பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் வையுங்கள். கடைக்காரரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

சர்வீஸ் ஆள் எழுதும் ஜாப் ஷீட்தான் இந்த விவகாரத்தில் மிக முக்கியமான காகிதம். வழக்கு வரை போனால் எல்லாரும் அதைத்தான் புரட்டுவார்கள். 'வோல்டேஜ் ஏற்ற இறக்கம்', 'தண்ணீர் இறங்கியது', 'வணிகப் பயன்பாடு' என்ற மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்துக் கேட்பது வழக்கம். அப்படியே போட்டுக் கொடுத்தால் நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 'மேற்கண்ட காரணத்தை ஏற்கவில்லை' என்று கையால் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திடுங்கள். பிரதி தரத் தயங்கினால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரணங்களை நேருக்கு நேர் சோதிக்கவும் முடியும். மோட்டாரை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் அதிக நேரம் ஓடியது, அதிக பாரம், குறைந்த வோல்டேஜ் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். மற்றவை செம்பு நிறத்திலேயே இருக்க, ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால் அந்த இடத்தில் இன்சுலேஷன் (கம்பியின் மின்காப்புப் பூச்சு) பலவீனம் என்று சந்தேகிக்க இடமுண்டு. நிறம் தெரியும்படி வெளிச்சத்தில் படம் எடுங்கள். 'தண்ணீர் இறங்கியது' என்றால் ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டைப் பாருங்கள். மாவு காய்ந்த வெள்ளைக் கோடு நடு ஷாஃப்ட்டை ஒட்டிக் கீழே இறங்கியிருந்தால் சீல் விட்டிருக்கிறது. அது பாகத்தின் குறை. வெளிப்பக்கத்தில் வழிந்த தடம் இருந்தால் நீங்கள் கழுவிய விதத்தைக் கைகாட்டுவார்கள்.

வோல்டேஜ் விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பம்புசெட்டுகள் சேர்ந்து ஓடும் பருவத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்குவது எல்லாருக்கும் தெரியும், சர்வீஸ் ஆளுக்கும் தெரியும். கிரைண்டரிலும் சாதாரண ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரிலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் அது அதிக கரண்ட் இழுத்துச் சூடாகும், அதனால் அந்த வாதம் எடுபடக்கூடும். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் முதலில் வேகம்தான் குறையும். பிளேடு சிக்கி நிற்காமல் வெறும் குறைந்த வோல்டேஜால் மிக்ஸி எரிந்தது என்றால் விளக்கம் கேளுங்கள். எப்படியானாலும் சர்வீஸ் ஆள் வந்த அன்றே மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, அந்த எண்ணையும் ஜாப் ஷீட்டில் எழுத வையுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றால் அடுப்பும் டிரம்மின் அடித்தகடும் துருப்பிடிப்பது தனிக்கதை. 'துருப்பிடிக்காதது' என்று பெட்டியிலோ விளம்பரத்திலோ அச்சிட்டிருந்தால் அந்த அட்டையை வெட்டி எடுத்து வையுங்கள். விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் சட்டப்படி குறைபாடே.

கம்பெனி கைவிரித்தால் கடை, சர்வீஸ் சென்டர், உற்பத்தியாளர் மூவருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. 'இன்ன தேதி, இன்ன பில் எண், இன்ன சீரியல் எண் கொண்ட கிரைண்டர் இன்ன தேதியில் பழுதானது. புகார் எண் இது. 15 நாட்களுக்குள் மாற்றித் தரவும் அல்லது விலையைத் திருப்பித் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.' இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சின்னப் பொருள்கள் பற்றிய புகார்கள் பல அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுவதால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது மாவட்ட ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, அதாவது சமையலறைச் சாமான் எதற்குமே இல்லை. நீங்களே வாதாடலாம். குடியிருக்கும் ஊருக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி: காரைக்காலில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்கு நாகப்பட்டினத்துக்காரர் நாகப்பட்டினத்திலேயே வழக்காடலாம். மனுவோடு பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், கடித ரசீது, படங்கள் வேண்டும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் கிடையாது. 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதால், ஆறாயிரம் ரூபாய் கிரைண்டருக்கு ஆய்வகம் கட்டுப்படியாகாது. நல்ல ஜாப் ஷீட்டும் படங்களும் அந்தச் செலவை மிச்சப்படுத்தும். நஷ்ட ஈட்டையும் அளவாகக் கேளுங்கள். ஆறாயிரத்துக்கு ஐந்து லட்சம் கேட்டால் மனுவின் மதிப்புதான் குறையும்.

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக் கையால் உழைத்துப் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியிருந்தால் நீங்களும் நுகர்வோர்தான். ஆள் வைத்துப் பெரிதாக நடத்தினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று வாரண்டி அட்டையில் இருந்தால் கம்பெனி அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மாவு வியாபாரத்துக்கு வீட்டு மாடல் வாங்காமல் இருப்பதே நல்லது. அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, விலை கொடுத்து வாங்கியதல்லவே.

வாரண்டி முடிந்த பிறகு? உரிமையும் முடிந்தது என்று கடையில் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. அதே பழுது வாரண்டிக்குள் இரண்டு மூன்று தடவை வந்து ஒட்டுப்போட்டு அனுப்பியிருந்தால், பழைய ஜாப் ஷீட்டுகளை வரிசையாக வைத்து, குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று வாதிடலாம். மூன்றாம் வருஷம் முதல் முறையாக நின்ற மிக்ஸிக்கு அந்த வாதம் கஷ்டம். ரிப்பேர் செய்துகொள்வதுதான் லாபம். ஃப்ரிட்ஜுக்கு 10 வருஷ வாரண்டி என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டும்தான். கேஸ் நிரப்புவதும் கூலியும் சேருமா என்று வாங்கும்போதே அட்டையில் படித்துவிடுங்கள்.

உத்தரவு உங்கள் பக்கம் வந்தும் பணம் வரவில்லை என்றால், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் தர வேண்டிய தொகையில் பாதியைக் கட்டினால்தான் அந்த மனு எடுக்கப்படும்.