கொட்டாயிலிருந்து தொடங்குங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முன்னோரைத் தேடுவது எப்படி

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம், அந்தப் பேரனுடைய பேரனுக்கும் அதே பெயர் போகும். பென்னாகரம் பக்கம் ஒரு ஊருக்குள் போய் மாதையன் வீடு எது என்று கேட்டால், எந்த மாதையன், யார் மகன், எந்தக் கொட்டாய் (காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பு) என்று மூன்று கேள்வி திரும்பி வரும். முன்னோரைத் தேடும்போதும் அந்த மூன்று கேள்விகள்தான் முக்கியம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வழி தவறும். நிலத்தையும் கல்யாண உறவையும் பிடித்துக்கொண்டு போனால் மூன்று நான்கு தலைமுறை வரை தைரியமாகப் போகலாம்.

முதலில் காகிதத்தைத் தேடி எந்த ஆபீசுக்கும் ஓடாதீர்கள். வீட்டில், உறவில் இருக்கிற வயதானவர்களிடம் உட்காருங்கள், அதுவும் இந்த மாதமே. பட்டா பத்து வருஷம் கழித்தும் கிடைக்கும், எண்பத்தைந்து வயது அத்தைப்பாட்டி கிடைக்க மாட்டார். "உங்க தாத்தா பேர் என்ன" என்று நேராகக் கேட்டால் அவருக்கு எதுவும் வராது. "உன்னை எந்த ஊர்ல இருந்து கட்டிக்கிட்டு வந்தாங்க, உன் நாத்தனாரை எங்க குடுத்தாங்க, சாவு விழுந்தா எந்தெந்த வீட்டுக்குத் தீட்டு, குலதெய்வம் கோயில்ல முதல் தேங்காய் யார் உடைப்பாங்க" என்று கேளுங்கள், கொட்டும். தீட்டு காக்கிற வீடுகளின் பட்டியல்தான் உங்கள் பங்காளிகளின் பட்டியல். பெண் கொடுத்து எடுத்த ஊர்களின் பட்டியல் இன்னொரு பாதி. இந்த இரண்டையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் பாட்டி பழைய கதையைத் தெலுங்கிலோ கன்னடத்திலோதான் சொல்வார், அதைத் தமிழில் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் போனில் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் மொய் நோட்டு. பரணில் இருக்கும், அட்டை கிழிந்து, ஓரம் கறையான் தின்று இருக்கும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஒவ்வொன்றுக்கும் யார் வந்தார், எந்த ஊர், எவ்வளவு எழுதினார் என்று வரிசையாக இருக்கும் ஒரே ஆவணம் அது. எங்கள் வீட்டு நோட்டு ஒன்றில் ஒரு ஊர் பெயருக்கு நேராக அஞ்சு ரூபாயும் "மாமன் வேட்டி" என்றும் எழுதியிருந்தது. அந்த ஊரில் எங்களுக்கு மாமன் முறை உண்டு என்பதே எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டோம், பாட்டியின் பெரியம்மா வழி என்று அங்கே சொன்னார்கள்.

கொட்டாயின் பெயரைக் கவனியுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் காட்டுக்குள் வீடு கட்டிக் குடியேறின இடத்துக்குக் கொட்டாய் என்று பெயர், பல கொட்டாய்கள் முதலில் குடியேறினவரின் பெயரையோ அவர் பார்த்த வேலையையோ சுமந்து நிற்கின்றன. அந்த ஆள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும். ஊர்ப் பெயரில் "அள்ளி", "ஹள்ளி" இருந்தால் கன்னட வாடை, "கொத்த" என்று தொடங்கினால் தெலுங்கில் புது ஊர் என்று பொருள். இதை வைத்து உங்கள் வம்சம் அங்கிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஊருக்குப் பெயர் வைத்தவர்களும் இப்போது இருப்பவர்களும் வேறு வேறாக இருக்கலாம்.

இனி காகிதம். எந்த வருஷத்தில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் பிறந்தது, அதற்கு முன் தர்மபுரி மாவட்டம். தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் பிறந்தது, அதற்கு முன் எல்லாம் சேலம் ஜில்லா. 1950ஆம் வருஷத்துப் பத்திரத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் எங்கேயும் இருக்காது. வருஷத்தில் இன்னொரு சிக்கல் பசலி, அதாவது நிலவரிக் கணக்குக்கு வைத்த ஆண்டு. ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்த ஜூலையின் ஆங்கில வருஷம் வரும், பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. பாட்டி "தாது வருஷம்" என்று சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அது 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்: 1876, 1936, 1996. தான் பிறந்ததைச் சொல்கிறாரா, 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்ட கதையைச் சொல்கிறாரா என்று திருப்பிக் கேளுங்கள்.

நிலத்தைப் பின்னோக்கிப் பிடிப்பது இப்படித்தான். இன்றைய பட்டாவிலிருந்து சர்வே நம்பரை எடுங்கள், அதை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். வேலை நடந்தபோது உட்பிரிவுகள் மாறின, சில பெயர்கள் தவறாகவும் ஏறின, அதனால் அதற்கு முந்தைய அ-பதிவேட்டோடு (சர்வே நம்பர் வாரியாக எழுதிய கிராம நிலப் பதிவேடு) ஒப்பிட்டுப் பழைய நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் (ஈசி) போடுங்கள், அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் அதில் வரும். சமீப காலத்துக்கு இணையத்தில் கிடைத்துவிடும், பழைய காலத்துக்குக் கையால் தேடி எழுதித் தரும் மேனுவல் ஈசி கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்றும் கேளுங்கள், அதுவும் மாறியிருக்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி நிலப் பத்திரங்கள் பதியும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அது உங்கள் உரிமை. உயில் பதியும் மூன்றாம் புத்தகம் மட்டும் அப்படி எல்லோருக்கும் திறக்காது.

பத்திரத்தின் நகல் கையில் வந்ததும் தொகையைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். "சேலம் ஜில்லா தர்மபுரி தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் லேட் இன்னார் குமாரர் இன்னார், வயது இவ்வளவு, விவசாயம்" என்று தொடங்கும். "தனக்காகவும் தன் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும்" என்று வந்தால் அதற்குக் கீழே பிள்ளைகள் பெயர் வயதோடு இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதைவிடப் பெரிய பொக்கிஷம் இல்லை, அண்ணன் தம்பி எல்லோரும் அதில் வரிசையாக நிற்பார்கள். பதியாத கூறுசீட்டு (பங்கு பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு) தகரப்பெட்டியில் இருக்கலாம், பங்காளி வீட்டுப் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் செய்த தவறு இந்த வயது வரியில்தான். 1936இல் ஒரு கிரயம், 1949இல் ஒரு கிரயம், இரண்டிலும் ஒரே பெயர், ஒரே ஊர். இரண்டும் என் தாத்தாதான் என்று எழுதிவிட்டு ஒரு வருஷம் அதையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் நிதானமாகப் படித்தபோது முதல் பத்திரத்தில் வயது 58, இரண்டாவதில் வயது 29. முதலாவது ஆள் தாத்தாவின் தாத்தா, எனக்கு ஓட்டன். நடுவில் என் பூட்டன் என்று ஒரு மனிதர் முழுசாகக் காணாமல் போயிருந்தார். சின்ன வயதிலேயே இறந்துபோனதால் அவர் பெயரில் நிலம் எதுவும் பதியவில்லை. 1949ஆம் வருஷத்துப் பத்திரத்தில் "லேட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது, நான்தான் தாண்டிப் போயிருந்தேன். அவருடைய மனைவி, என் தாத்தாவின் அம்மா, எங்கள் பத்திரம் எதிலுமே இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருந்த இடத்தில் "மேற்படியார் பெண்சாதி" என்று அவர் பெயரோடு "நிலத்துக்குக் கிழக்கு" என்று இருந்தது. அந்தப் பெயரை முதல்முறை வாய்விட்டுப் படித்தபோது என் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், நான்கெல்லையை விடாதீர்கள். பக்கத்து நிலம் பெரும்பாலும் பங்காளியுடையதாக இருக்கும், விதவைகள், மகள்கள், மருமகள்கள் பெயர் எழுத்தில் வருகிற சில இடங்களில் அதுவும் ஒன்று. பெண் வழியைத் தேடாமல் பாதி மரத்தை எழுதி வைத்துவிட்டு வம்சம் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

பிறப்பு இறப்புப் பதிவு நம் பகுதியில் பழையது, சென்னை மாகாணத்தில் அதற்கு 1899லேயே சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் அதை எழுதிவந்தவர் ஊர் அதிகாரியான முன்சீப். 1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவிகளை அரசு ஒழித்தது, பிறகு வி.ஏ.ஓ. வந்தார். பழைய கர்ணம் குடும்பம் ஊரில் இருந்தால் மரியாதையாகப் போய்ப் பாருங்கள், நினைவாவது இருக்கும். பதிவேடுகளைத் தாலுகா ஆபீசிலும் சார்பதிவகத்திலும் இரண்டிலும் கேளுங்கள். குழந்தை பெயர் இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் இருந்தால் அப்பா பெயரையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடும் உதவும், அதில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கோவிலூர், எலத்தகிரி மாதிரி பழைய பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு கேட்கலாம், பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும். கோயில் மானியம், இனாம் நிலம் இருந்த குடும்பம் என்றால் 1860களின் இனாம் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அனுபவதாரர் பெயரும் வாரிசும் அதில் உண்டு.

குடும்பத்தில் ஒருவர் "கப்பல் ஏறிப் போனவர்" என்றால் விட்டுவிட வேண்டாம். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், சென்னையிலிருந்து போன கப்பல்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதினார்கள். எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயரை வாயால் பல விதமாகச் சொல்லிப் பார்த்துத் தேடுங்கள். கோலார் தங்க வயலுக்குப் போனவர்களின் வழி இன்னும் பக்கம், அங்கே குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

ஊர் வரலாற்றுக்கு இரண்டு பெரிய புத்தகங்கள்: 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர். இரண்டும் ஆங்கிலம்தான், உங்கள் தாலுகா வரும் பக்கங்களை மட்டும் யாரையாவது வைத்துப் படித்தால் போதும். கையேடு தாது வருஷப் பஞ்சம் முடிந்த சூட்டோடு வந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள், 1881இல் 16 லட்சத்தைக்கூட எட்டவில்லை. உங்கள் குடும்பக் கதை அந்த இடத்தில் திடீரென்று அறுந்துபோனால் காரணம் இதுவாக இருக்கலாம். அதற்கும் முன்னால் போனால் 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு, நம் பகுதியில் பெரும்பாகம் அடங்கிய பாராமகால் வந்தது, கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்தார்கள். ஓசூர் 1799இல்தான் கம்பெனிக்குப் போனது. பாராமகால் ஆவணங்கள் அச்சில் வந்திருக்கின்றன, உங்கள் முன்னோர் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் என்ன விதைத்தார்கள், என்ன வரி கட்டினார்கள் என்பதை அதில் பார்க்கலாம்.

கடைசியாகக் கல். ஊர் எல்லையில் வேடியப்பன் என்று கும்பிடுகிற சாமி பல இடங்களில் நடுகல்தான், ஆநிரை மீட்டுச் செத்துப்போன வீரனுடையது. சிலவற்றில் பல்லவர் காலத்து வட்டெழுத்து இருக்கும், ஓசூர்ப் பக்கம் கன்னட எழுத்தும் வரும். அவன் உங்கள் நேரடி முன்னோர் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் உங்கள் ஊர் எவ்வளவு பழையது என்று அது சொல்லும். மாநிலத் தொல்லியல் துறை இந்த நடுகற்களைப் படித்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். எழுத்து இருக்கிற கல்லைக் கண்டால் சுண்ணாம்பு பூசாதீர்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பூசாரியிடம் சொல்லிவிட்டு, எண்ணெய் வைக்கிற நாளாக இல்லாமல் பார்த்து, காலையில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் போங்கள். அப்போதுதான் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து, இடத்தின் பெயரையும் சர்வே நம்பரையும் எழுதி, தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கும் அருங்காட்சியகத்தில் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.