மொழி தெரியாத ஊரில் தனியே கடைக்குப் போகும் நாளுக்காக

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளையும் சகோதரங்களையும் பார்க்கப் பாரிசுக்கோ சூரிச்சுக்கோ புறப்படுகிறவர்கள், வீசாவுக்கும் பொதிக்கும் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியையாவது மொழிக்குக் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தில் மகன் வந்து நிற்பார். அவர் வேலைக்குப் போன பிறகு, பாண் வாங்க நீங்கள் தனியே தெருவில் இறங்கும் நாளில்தான் மொழி இல்லாத குறை தெரியும்.

முதல் வேலையாகச் சிறிய கொப்பி ஒன்றில் தங்கும் வீட்டின் முகவரியை அந்த நாட்டு எழுத்தில், அங்கே வாழும் ஒருவரின் கையால் எழுதுவித்து வைத்திருங்கள். கைத்தொலைபேசியில் மின் தீர்ந்தாலும் கொப்பி கைகொடுக்கும். உங்கள் நோய்களையும், மருந்துகளின் வணிகப் பெயரை விடுத்து உட்பொருளின் பெயரையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நமக்குக் காய்ச்சல் என்றால் பனடோல். பிரான்சில் அதே மருந்தை டொலிப்ரான் என்பார்கள், சுவிசில் டஃபால்கன் என்பார்கள். பரசிற்றமோல் என்று எழுதிக் காட்டினால் இரண்டு நாட்டு மருந்தகங்களிலும் புரியும். அவசர உதவிக்கு இரு நாடுகளிலும் 112.

சொற்களைவிட எண்களே அதிகம் ஏமாற்றும். சூரிச்சில் பேசப்படும் ஜேர்மன் மொழியில் 25 என்பதை ‘ஐந்தும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். அவசரத்தில் கேட்பவருக்கு 52 என்றே காதில் விழும். பிரான்சில் 70 ‘அறுபது பத்து’, 80 ‘நாலு இருபது’. (நமது தொண்ணூறுக்குள்ளும் ஒரு நூறு ஒளிந்திருப்பதை நினைத்தால் இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.) சுவிசில் ஒரு கிராமத்துப் பேருந்துத் தரிப்பிடத்தில், காலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரிந்த நாலு ஜேர்மன் சொற்களில் ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். ‘ஹல்ப் அஹ்ட்’ என்றார். ஹல்ப் அரை, அஹ்ட் எட்டு. ஆகவே எட்டரை என்று கணக்கிட்டு, தேநீர் குடித்துவிட்டு வரலாமென எழும்பினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து கடைப் பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் பென்சிலை அழுத்தி 7.30 என்று எழுதினார். ஏழின் நடுவே குறுக்குக்கோடு ஒன்றும் இருந்தது. எட்டுக்குப் போகிற வழியில் பாதி என்பதே அந்தச் சொல்லின் பொருள். அன்றிலிருந்து நேரம், விலை, மேடை இலக்கம் எதுவானாலும் தாளையும் பேனாவையும் நீட்டி எழுதித் தரும்படி கேட்கிறேன். அங்கே எழுதப்படும் 1, மேலே நீண்ட கோட்டுடன் நமது 7 போலத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் வேண்டிய மொழிகளை ஊரிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். அதனிடம் ‘பேந்து வாறன்’ என்று நம் பேச்சில் சொன்னால் தடுமாறும். ‘நான் பிறகு வருவேன்’ என்று எழுவாயோடு, சிறு வாக்கியமாகச் சொல்லுங்கள். வந்த மொழிபெயர்ப்பைத் தமிழுக்குத் திருப்பிப் பார்த்த பின்பே மற்றவருக்குக் காட்டுங்கள்.

இன்னொன்று: கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக இருந்தால் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அதைச் சொல்லியே உங்களை அழைப்பார்கள். காலஞ்சென்ற அப்பாவின் பெயர் ஒலிக்கும்போது அது யாரையோ என்று இருந்துவிடாதீர்கள்.

பிரான்சில் எவரிடமும் கேள்விக்கு முன் ‘பொன்ஜூர்’ சொல்ல வேண்டும். வணக்கமின்றித் தொடங்குவதை அவர்கள் மரியாதைக் குறைவாகவே கொள்வார்கள். ‘மெர்சி’ என்ற நன்றிச் சொல் சுவிசின் ஜேர்மன் பகுதிகளிலும் செல்லும்.

பாரிசின் லா சப்பலில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்கு இடையே நடக்கையில், முன்பின் அறியாத ஒருவர் ‘நீங்கள் எவ்விடம்?’ என்று கேட்பார். ஊரும் கோயிலடியும் சொல்லி முடிப்பதற்குள் உறவு கண்டுபிடிக்கப்பட்டுவிடும். அந்த மகிழ்ச்சியில் அவர் எப்படி அந்த நாட்டுக்கு வந்தார், வீசா என்ன நிலை, ஊரில் யார் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். பலருக்கு அவை ஆறாத காயங்கள். அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். வழிகாட்ட வருபவர் எவ்வளவு அன்பானவராயினும் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காமல், மகனுக்குத் தொலைபேசி எடுத்து அவரையே கதைக்க வையுங்கள்.