தோடர் எருமையைப் புல்வெளியில் படம் எடுப்பது எப்படி?

தோடர் எருமை நீலகிரிக்கே உரிய இனம். சமவெளி எருமைபோலக் கன்னங்கரேலென்று இருக்காது. சாம்பல் நிறமோ பழுப்போ இருக்கும், உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். கொம்புகள் இரண்டு பக்கமும் அகல விரிந்து, மேலே வளைந்து பிறைபோல நிற்கும். அந்தப் பிறை தெரியாவிட்டால், படத்தில் எருமை புல்லில் கிடக்கும் பாறை மாதிரிதான் இருக்கும். அதனால் நிற்கும் இடம், நேரம், கேமரா அமைப்பு எல்லாவற்றையும் கொம்பை வைத்தே முடிவு செய்யுங்கள்.

1. கேட்டுவிட்டு இறங்குங்கள்

எருமைகள் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வாழும் குடும்பங்களுடையவை. சிலவற்றைப் புனிதமாகவே வளர்க்கிறார்கள். மேய்ப்பவரிடமோ மந்துப் பெரியவரிடமோ, "ஐயா, தள்ளி நின்று எருமையைப் படம் எடுத்துக்கலாங்களா?" என்று கேளுங்கள். பால் கறக்கும் நேரத்தில் பட்டிப் பக்கம் போகக் கூடாது. கோயிலைச் சுற்றியுள்ள கல்சுவரைத் தாண்டவே கூடாது. காப்புக்காட்டுப் புல்வெளி என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

2. நேரம்

டிசம்பர், ஜனவரி காலைகள்தான் எங்கள் தேர்வு. காற்றில்லாத, மேகமில்லாத இரவுக்குப் பிறகு பள்ளத்துப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சூரியன் ஆறரை மணிவாக்கில் எழுந்தாலும், மலை மறைப்பதால் பள்ளத்துக்கு வெயில் இறங்கத் தாமதமாகும். வெயில் பட்டதும் பனி சீக்கிரம் கரைந்துவிடும், அதற்கு முன்பே இடத்தில் இருங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். இன்னொன்றைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் தூரத்தில் ஓர் உருவம் தெரிந்தால் முதலில் காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல் இருந்து, தோளில் திமிலும் எழுந்திருந்தால் அது காட்டுமாடு. சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

3. தூரமும் லென்ஸும்

குறைந்தது 40 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தோடர் எருமை பழகாத ஆளை நம்பாது, கன்றோடு இருந்தால் முட்டவே வரும். தலையைத் தூக்கி, மூக்கை நீட்டி, மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தால் அது எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடாமல், பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். பதுங்கிப் போவதும் தப்பு. திடீரென்று எதிரில் தெரியும் ஆளைக் கண்டால்தான் மந்தை மிரளும்.

ஏபிஎஸ்-சி கேமராவில் (நடுத்தர அளவு சென்சார் உள்ளது) 200 எம்எம் லென்ஸ் 40 மீட்டரில் ஏறக்குறைய 4.7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். ஓர் எருமை சட்டகத்தில் பாதியை நிரப்பும், கொம்புக்கும் இடம் மிஞ்சும். மொபைலின் மூன்று மடங்கு லென்ஸ் அதே தூரத்தில் 19 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதில் எருமையைப் பெரிதாக்க முயலாமல், சரிவும் மூடுபனியும் சேர்ந்த காட்சியாக எடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கினால் மயிரெல்லாம் களிம்பு பூசியதுபோல் ஆகிவிடும்.

4. எருமைக்குக் கீழே நில்லுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் மேட்டில் நின்று கீழே பார்த்து எடுப்பார்கள். அப்போது கொம்புக்குப் பின்னால் புல்தான் வரும், பிறை அதில் கரைந்துவிடும். சரிவில் எருமையைவிடச் சற்றுத் தாழ நின்றால், கொம்பு முகட்டுக் கோட்டைத் தாண்டி வானத்திலோ மூடுபனியிலோ எழும். இரண்டடி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். பின்னால் சீகை மரமோ தைல மரமோ வரிசையாக இருந்தால் தண்டுகள் கொம்போடு பின்னிக்கொள்ளும், மின்கம்பியும் அப்படித்தான். சூரியன் எருமைக்குப் பின்னால் ஒரு பக்கமாக இருக்கட்டும். மயிரின் ஓரம் ஒளிரும், விடும் மூச்சும் ஆவியாகத் தெரியும்.

5. கேமரா அமைப்பு

அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6இல் வையுங்கள். மேயும் எருமைக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி, நடக்கும் எருமைக்கு 1/500. மூடுபனியில் அந்த வேகம் கிடைக்க ஐஎஸ்ஓவை (ஒளியுணர் அளவு) 800 முதல் 1600 வரை ஏற்ற வேண்டியிருக்கும், தயங்க வேண்டாம்.

பலரும் தடுமாறுவது எக்ஸ்போஷரில், அதாவது படத்தின் வெளிச்ச அளவில். சட்டகம் முழுக்க மூடுபனி என்றால் கேமரா அந்த வெளிச்சத்தை அடக்கிப் படத்தை இருட்டாக்கும், எருமை கரும்புள்ளியாகிவிடும். அந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1க்கு ஏற்றுங்கள். வெயிலில் கருஞ்சாம்பல் எருமை சட்டகத்தை நிரப்பினால் நேர் எதிராக நடக்கும்: கேமரா வெளிச்சத்தைக் கூட்டி முதுகுப் பளபளப்பை வெளுக்கவைக்கும். அங்கே −0.3 முதல் −0.7 வரை இறக்குங்கள். மொபைலில் எருமையை அழுத்திப் பிடித்து ஃபோக்கஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சக் குறியை மேலும் கீழும் நகர்த்தினால் போதும்.

மூடுபனியில் ஆட்டோ ஃபோக்கஸ் பிடிமானமில்லாமல் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பக்கத்துக் கொம்பு நெற்றியில் முளைக்கும் இடத்தில் வையுங்கள். அங்கே விளிம்பு தெளிவாக இருக்கும், கண்ணும் கிட்டத்தட்ட அதே தூரத்தில் இருப்பதால் கூர்மையாக விழும்.

6. காத்திருங்கள்

மேயும்போது தலை தாழ்ந்தே இருக்கும். சத்தம் போட்டு நிமிர வைக்காதீர்கள், மிரண்ட கண் படத்தில் தெரியும். வயிறு நிரம்பியதும் மந்தை படுத்து அசைபோடத் தொடங்கும். அப்போது தலை நிலையாக இருக்கும், கொம்பு முழுதாகக் கிடைக்கும். முகம் நேராக இல்லாமல் சற்றே உங்கள் பக்கம் திரும்பும்போது எடுத்தால் இரண்டு கொம்பின் வளைவும் தனித்தனியாகத் தெரியும்.

அறைக்குத் திரும்பியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சில்லிட்ட லென்ஸில் அறையின் ஈரம் படிந்து உள்ளேயும் நீர் கோக்கும். பையின் ஜிப்பை மூடியபடி அரை மணி நேரமாவது விட்டுவிட்டுத் திறவுங்கள்.