பெரிய புல்வெளி: தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் போட வேண்டியது தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் நிற்க 1 லிட்டர் வேண்டும். வெயில் காலத்தில் புல்லுக்கு வாரம் சுமார் 25 மி.மீ. தேவை, 1,000 சதுர மீட்டர் என்றால் வாரத்துக்கு 25,000 லிட்டர். எவ்வளவு இடத்தில் புல் வளர்ப்பது என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடமாட்டம் இல்லாத ஓரங்களைப் புதர்ச்செடிகளுக்கும் மரங்களுக்கும் விட்டுவிடுவதே நல்லது.

ஸ்பிரிங்ளர் எவ்வளவு ஊற்றுகிறது என்று அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஐந்தாறு டப்பாக்களை ஆங்காங்கே வைத்து 15 நிமிடம் ஓட விடுங்கள். 5 மி.மீ. சேர்ந்தால், வாரத் தேவைக்கு 75 நிமிடம். இதை இரண்டு தடவையாகப் பிரித்து அதிகாலையில் விடுங்கள். தினமும் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலாகவே தங்கி, இரண்டு நாள் வெயிலுக்கே புல் கருகும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 6 செ.மீ. நிற்க வேண்டுமானால் 9 செ.மீ. வந்ததும் வெட்டிவிட வேண்டும். தள்ளிப்போட்டு ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் புல் மஞ்சளாகி, இடைவெளியில் களை புகும். நுனி பழுப்பாகக் கிழிந்து தெரிந்தால் புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிட்டது. சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டுங்கள். அதற்கு முன், இன்ஜின் தவறிக் கிளம்பாமல் இருக்க, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவது கட்டாயம். தீட்டிய பிளேடை நடுத்துளை வழியாக ஆணியில் மாட்டிப் பாருங்கள். சாயும் பக்கத்தை இன்னும் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து இன்ஜினையே கெடுத்துவிடும்.

மரத்தடி மூடாக்கு (மண்ணை மூடப் பரப்பும் சருகு, மரச்சில்லு போன்றவை) 5 முதல் 8 செ.மீ. போதும். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். ஒரு சாண் இடம் விடுங்கள்.