உறைபனிக் காலத்தில் ஐகாயிட்: வளர்க்கவும் அடையாளம் காணவும் வகைப்படுத்தவும்

உதகையில் குளிர்காலம் பிறந்ததும் முதலில் நீர்ப்பனி விழும், பிறகு உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகிவிடும். ஐகாயிட் என்ற கனிமத்தைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. ஐகாயிட் குளிரில் மட்டும் இருக்கும் கல். வெப்பம் 8 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறினாலே கலையத் தொடங்கும். வீட்டுக்குள் 15 டிகிரி இருக்கும் மேசையில் வைத்தால் ஈரக் குழம்பாகிப் பின் வெள்ளைத் தூளாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நீலகிரியிலோ பழனி மலையிலோ இது இயற்கையாகக் கிடைப்பதில்லை. நம் மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை, மேலே அமில மண். ஐகாயிட்டின் பெயர் கிரீன்லாந்தின் இக்கா கடற்கழியிலிருந்து வந்தது. அங்கே கடலடியிலிருந்து கசியும் சோடியம் கார்பனேட் நிறைந்த காரநீர் குளிர்ந்த கடல்நீரின் கால்சியத்தோடு சேர்ந்து, பல மீட்டர் உயரத் தூண்களாக ஐகாயிட் வளர்ந்து நிற்கிறது. 1963இல் ஹான்ஸ் பாலி அதைக் கனிமமாக விவரித்தார். ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறை அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே தெரியும். கீழே சொல்லும் செய்முறை அந்தக் கடலடியில் நடப்பதை ஒரு டப்பாவுக்குள் கொண்டுவருவதுதான்: ஒரு பக்கம் கால்சியம், மறுபக்கம் சோடியம் கார்பனேட், நடுவில் குளிர்.

அது என்ன பொருள்

ஐகாயிட் என்பது ஒரு கால்சியம் கார்பனேட்டுக்கு ஆறு நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். மூலக்கூற்று எடை 208.2. அதில் கால்சியம் கார்பனேட் 100.1, நீர் 108.1. அதாவது எடையில் 51.9 சதவீதம் தண்ணீர். கல்லில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

படிகத்துக்குள் ஒவ்வொரு கால்சியத்தையும் எட்டு ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. இரண்டு ஒரே கார்பனேட்டிலிருந்து, மீதி ஆறும் நீரிலிருந்து. கால்சியமும் கார்பனேட்டும் ஜோடியாக நீர்க்கூட்டுக்குள் உட்கார்ந்திருக்க, ஒரு கூடும் அடுத்த கூடும் ஹைட்ரஜன் பிணைப்பால் மட்டும் ஒட்டியிருக்கின்றன. நீரற்ற சாதாரண கால்சியம் கார்பனேட்டான கால்சைட்டில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று தொடர்வலையாகக் கோத்துக்கொள்கின்றன, இங்கே அப்படி இல்லை. கொஞ்சம் சூடு பட்டாலே கூடு அவிழ்ந்துவிடுவதற்கு அதுதான் காரணம். தேயிலைத் தோட்டத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டோலமைட்டும் கார்பனேட்தான். ஆனால் அதில் நீர் இல்லை, எனவே வெயிலில் கிடந்தாலும் அப்படியே இருக்கிறது.

அடர்த்தி 1.78, கால்சைட்டுக்கு 2.71. கடினம் மோஸ் அளவில் 3 அளவுதான். நிறமற்றது அல்லது சுண்ணாம்பு வெள்ளை. படிகத் தொகுதி ஒற்றைச் சரிவு. நம் காற்றழுத்தத்தில் எந்த வெப்பநிலையிலும் இது முழு நிலைப்பு உள்ள பொருள் அல்ல. உண்மையான நிலைப்புக்குப் பல ஆயிரம் மடங்கு காற்றழுத்தம் வேண்டும். பூஜ்ய டிகிரியில் அது கலையும் வேகம் மிகக் குறைவு என்பதால்தான் நமக்கு நேரம் கிடைக்கிறது.

வாங்க வேண்டியவை

கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 7.35 கிராம். நீரற்ற வகை கிடைத்தால் 5.55 கிராம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்தே எடை போடுங்கள். மலைப்பனியில் திறந்து வைத்த கால்சியம் குளோரைடு சில மணிநேரத்தில் கசிந்து நீராகிவிடும். கட்டிதட்டிய பாக்கெட்டில் எவ்வளவு உப்பு, எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போட முடியாது. சிறிய பாக்கெட்டாக வாங்கி, திறந்தவுடன் எடை போட்டுவிடுங்கள்.

நீரற்ற சோடியம் கார்பனேட், அதாவது சோடா ஆஷ், 5.30 கிராம். படிகச் சலவை சோடா என்றால் 14.3 கிராம். சமையல் சோடா வேண்டாம். அதில் காரம் குறைவு, கலக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் பொங்கும். ஐகாயிட்டுக்குக் காரம் மிகுந்த கரைசல் பிடிக்கும்.

சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் ஒரு கிராம். நீர் மென்மையாக்கும் மருந்தாக ரசாயனக் கடையில் கிடைக்கும். கால்சைட் மணிகள் வளராமல் தடுக்க இது மிகச் சிறிய அளவில் போதும். இது இல்லாமலும் ஐகாயிட் வரும். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி பிசகினாலும் கால்சைட் முந்திக்கொள்ளும்.

இவற்றோடு ஒரு லிட்டருக்கு மேல் காய்ச்சி வடித்த நீர், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, பூஜ்யத்தைச் சரியாகக் காட்டும் வெப்பமானி, மீன் கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி, 4 கிலோ ஐஸ், காபி வடிதாள், பிளாஸ்டிக் புனல், 50 மில்லி ஸ்பிரிட். கண்ணாடி ஜாடி வேண்டாம், வெளியில் வைத்தால் நீர் உறைந்து விரியும்போது உடையும்.

மெக்னீசியம் உள்ள நீர் எதுவும் சேரக்கூடாது. போர்வெல் நீரோ, எப்சம் உப்பு அள்ளிய கரண்டியோ பட்டாலும் மோனோஹைட்ரோகால்சைட் என்ற வேறொரு கனிமம் வரும் வாய்ப்பு கூடும்.

மாலையில் தயாரிப்பு

ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடை 500 மில்லி நீரில் கரையுங்கள். கரையும்போது சூடு பிறக்கும், நீரற்ற வகையில் அது கையில் நன்றாகவே தெரியும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பாட்டிலில் சோடா ஆஷை 500 மில்லி நீரில் கரையுங்கள்.

பாஸ்பேட் ஐம்பது மில்லிகிராம்தான் தேவை. நகைத் தராசில் அதை எடை போட முயலாதீர்கள். ஒரு கிராமை 100 மில்லி நீரில் கரைத்து, மருந்து ஊசிக்குழாயில் 5 மில்லி எடுத்தால் சரியாக 50 மில்லிகிராம். அதைச் சோடா பாட்டிலில் சேர்க்கவும், கால்சியப் பாட்டிலில் சேர்க்க வேண்டாம். பாஸ்பேட்டைக் கூடுதலாகப் போட்டால் நல்லதல்லவா என்று தோன்றும். இல்லை. அதிகமானால் படிகமே உருவாகாமல் கலங்கிய கஞ்சியாக நாள்கணக்கில் நிற்கும்.

இரண்டு பாட்டிலையும், கலக்கப் போகும் மூடி உள்ள இரண்டு லிட்டர் டப்பாவையும், கரண்டியையும், தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் நீரும் கலந்த குளியலில் வையுங்கள். வெறும் ஐஸ் துண்டு போதாது, நீரும் இருந்தால்தான் எல்லாப் பக்கமும் குளிர் ஏறும். ஐஸ் மிதக்கும்வரை குளியல் பூஜ்யத்தை விட்டு நகராது என்பதே இதன் பலம். ஒரு லிட்டர் கரைசலை 14 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க 175 கிராம் ஐஸ் உருகினால் போதும். மீதி ஐஸ் எல்லாம் இரவைத் தாக்குப்பிடிக்கத்தான்.

உறைபனி விழுகிறதே, பெட்டி எதற்கு என்று நினைக்க வேண்டாம். புல்தரையில் பூஜ்யம் இருக்கும்போது அடுக்களைச் சுவரோரம் 8, 9 டிகிரி இருக்கும். காலை ஒன்பது மணிக்கு வெயில் வந்தால் முற்றமும் சுடும். உறைபனி நமக்கு உதவுவது வடிகட்டும் நேரத்தில்.

கலப்பது

இரண்டு கரைசலும் 2 டிகிரிக்குக் கீழே இறங்கியதை வெப்பமானி காட்டிய பிறகே தொடங்குங்கள். சோடாக் கரைசலை டப்பாவில் ஊற்றி, கால்சியக் கரைசலை இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறுங்கள். டப்பா குளியலை விட்டு வெளியே வரக்கூடாது.

முதல் துளியிலேயே பால் போலாகும். கொஞ்ச நேரத்தில் மோர் திரிந்ததுபோல் வழவழப்பான வெள்ளைக் கட்டிகள் மிதக்கும். இது படிகம் அல்ல. ஒழுங்கற்ற கால்சியம் கார்பனேட், ஐகாயிட்டுக்கு முந்தைய நிலை. இதைப் பார்த்துவிட்டு வடிகட்டிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மூடிவைத்துக் காத்திருங்கள். 12 முதல் 24 மணிநேரத்தில் வழவழப்புப் போய் அடியில் வெள்ளை மணல் படியும், மேலே நீர் தெளியும். டப்பாவைச் சாய்த்தால் மணல் சரிந்து ஓடும். குளிர்ந்த கரண்டியால் அடியைத் தொட்டால் நறநறக்கும். அந்த நறநறப்புதான் அடையாளம்.

எல்லாம் ஐகாயிட்டாக மாறினால் 10.4 கிராம் வர வேண்டும். வடிதாளில் ஒட்டுவது, கழுவும் நீரில் போவது கழித்து 8, 9 கிராம் கிடைத்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். உலர்ந்த எடை 5 கிராமை ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள், முழுவதும் கால்சைட்டாகிப் போயிருந்தால் வரக்கூடிய எடை அதுதான்.

வடிகட்டுவது

காலை ஆறு மணிக்கு, வெளியில், வெயில் படும் முன். புனல், வடிதாள், கழுவும் நீர், ஸ்பிரிட் எல்லாம் இரவே குளியலில் இருந்திருக்க வேண்டும். அறைச்சூட்டில் இருந்த புனலில் ஊற்றினால் முதல் அடுக்கு அங்கேயே கலையும். கலைந்த கால்சைட் மணிகள் மீதியையும் சீக்கிரம் கலைக்கும்.

தெளிந்த நீரை இறுத்துவிட்டு மணலை வடிதாளில் கொட்டுங்கள். 50 மில்லி ஐஸ்நீரில் இரண்டு முறை கழுவுங்கள். கலக்கும்போது உண்டான சாதாரண உப்பு அப்போதுதான் போகும். பின் குளிர்ந்த ஸ்பிரிட்டைத் தடவைக்கு 25 மில்லியாக இரண்டு தடவை ஊற்றினால் ஒட்டிய நீர் இறங்கிவிடும். கணப்பு எரியும் அறையில் இதைச் செய்யவே கூடாது, ஸ்பிரிட்டின் ஆவி தீப்பிடிக்கும். அதிகாலையில் கை விறைக்கும்போது கணப்பருகே போகத் தோன்றும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்.

பிறகு திருகுமூடி உள்ள சிறு டப்பாவில் இட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மழைக்கால மின்தடைக்கு முன்னேற்பாடாக டப்பாவைச் சுற்றி உறைந்த நீர்ப் பாட்டில்கள் நாலு இருக்கட்டும்.

இது ஐகாயிட்தானா

வினிகர் சொட்டினால் நுரைக்கும். அது கார்பனேட் என்பதை மட்டும் சொல்லும், எந்தக் கார்பனேட் என்பதைச் சொல்லாது. தீர்மானமான சோதனை எடையில் இருக்கிறது.

குளிர்ந்த மாதிரியில் சரியாக 2.00 கிராமைக் கண்ணாடித் தட்டில் எடுத்து அறைக்குள் கொண்டுவாருங்கள். 18, 20 டிகிரியில் கவனித்துப் பாருங்கள். உலர்ந்த குவியலின் விளிம்பு முதலில் மினுங்கும், பிறகு ஈரம் கசியும், குவியல் தானே அமிழ்ந்து குழம்பாகப் படரும். யாரும் நீர் ஊற்றவில்லை, படிகத்துக்குள் இருந்த நீர் அது. தூள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு சீக்கிரம் நடக்கும். முழுவதும் கலைந்தபின் 80 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். மலைப்பனிக் காற்றில் தானாக உலரும் என்று விட்டால் நாளாகும், எடையும் நம்பகமாக இராது.

மீதி 0.96 கிராம் என்றால் சுத்தமான ஐகாயிட். 2 கிராமில் 1.04 கிராம் நீர் போக வேண்டும். 0.80 கிராம் மட்டும் போயிருந்தால் 0.80ஐ 1.04ஆல் வகுங்கள், ஏறத்தாழ 77 சதவீதம் ஐகாயிட், மீதி பெரும்பாலும் கால்சைட். எடை குறையவே இல்லை என்றால் குளிர் எங்கோ தவறியிருக்கிறது. 1.04க்கு மேல் குறைந்தால் அது கூடுதல் சுத்தம் அல்ல, மாதிரி சரியாக உலரவில்லை என்று பொருள்.

கல்லூரியில் ராமன் கருவி (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காட்டுவது) இருந்தால் கார்பனேட்டின் முக்கியக் கோடு ஐகாயிட்டுக்கு 1070 செ.மீ⁻¹ஐ ஒட்டியும் கால்சைட்டுக்கு 1086 செ.மீ⁻¹இலும் வரும். மாதிரியை ஐஸ் மேலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசர் சூட்டில் மாதிரி கலைந்து கால்சைட் கோடு வந்து ஏமாற்றும்.

வகைப்படுத்துவது

கனிமங்களை வேதிச் சேர்க்கைப்படி வகுக்கும் ஸ்ட்ரன்ஸ் முறையில் கார்பனேட்டுகள் ஐந்தாம் வகுப்பு. அதற்குள் இடம் தேட மூன்று கேள்விகள் போதும். நீர் மூலக்கூறு உண்டா? ஐகாயிட்டில் உண்டு. ஹைட்ராக்சில் போன்ற கூடுதல் எதிர்மின் அயனி உண்டா? இல்லை, இருந்திருந்தால் ஹைட்ரோமேக்னசைட் பக்கம் போயிருக்கும். இந்த இரண்டு பதிலும் 5.சி பிரிவில் கொண்டுவிடும். நேர்மின் அயனி நடுத்தர அளவா, பெரியதா? மெக்னீசியம் நடுத்தரம், அதனால் நெஸ்கிஹோனைட்டும் லான்ஸ்ஃபோர்டைட்டும் 5.சிஏ. கால்சியமும் சோடியமும் பெரியவை, எனவே 5.சிபி. நேட்ரான், ட்ரோனா, மோனோஹைட்ரோகால்சைட் எல்லாம் அங்கேதான். ஐகாயிட்டின் எண் 5.சிபி.25.

மோனோஹைட்ரோகால்சைட்டோடு குழப்பம் வரும். அதில் ஒரே ஒரு நீர் மூலக்கூறு, எடையில் 15 சதவீதம், அடர்த்தி 2.4ஐ ஒட்டி. அறைச்சூட்டில் குழம்பாகாது. தட்டில் வைத்த தூள் தூளாகவே இருந்து, ஆனால் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் 2 கிராம் 1.70 ஆனால், உங்களிடம் இருப்பது அதுதான். மெக்னீசியம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

கலைந்த ஐகாயிட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 100 மில்லி ஐகாயிட் சுமார் 32 மில்லி கால்சைட்டாகச் சுருங்கும். இயற்கையில் பழைய படிகத்தின் வெளிவடிவம் மட்டும் தங்கி, உள்ளே பஞ்சுபோல் ஓட்டையான கால்சைட் நிறைந்திருந்தால் அதைக் கிளெண்டோனைட் என்பார்கள், ஆஸ்திரேலியாவின் கிளெண்டனில் கிடைத்ததால் வந்த பெயர். பழைய கடலடிப் படிவுகளில் அது கிடைத்தால் அங்கே ஒருகாலத்தில் நீர் குளிர்ந்திருந்தது என்று புவியியலாளர்கள் கணிக்கிறார்கள்.

கண்காட்சியில் வைப்பதானால் அட்டையில் 'செயற்கை முறையில் வளர்த்தது' என்று கட்டாயம் எழுதுங்கள். இயற்கையில் உருவானதைத்தான் கனிமம் என்று அழைப்பது மரபு. தேதி, கலந்தபோது இருந்த வெப்பநிலை, எடைச் சோதனையில் வந்த சதவீதம் மூன்றையும் சேருங்கள். மாதிரியை ஐஸ் குளியலின் மேல் வைத்த தட்டில் காட்டி, பக்கத்தில் அதே டப்பாவிலிருந்து எடுத்துக் கலையவிட்ட தூளையும் தனித் தட்டில் 'கால்சைட்' என்ற அட்டையோடு வையுங்கள்.