சப்பாத்தியை நிறுத்தும் முன் ரத்தத்தைக் கொடுங்கள்

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் வந்து, "அக்கா, கோதுமை, பால் ரெண்டையும் நிறுத்தி மூணு வாரமாச்சு. வயிறு லேசா இருக்கு" என்றாள். டெஸ்ட் எடுத்தியா என்று கேட்டேன். "அதான் சரியாயிடுச்சே, எதுக்கு?" எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இதையேதான் சொன்னேன். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான் என்பது அவளுக்கே தெரியும். அந்தப் பாடத்தை விட்டுவிட்டு, கோதுமையையும் பாலையும் நிறுத்துகிறவர்கள் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

டெஸ்டுக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடலே தன் சிறுகுடலைத் தாக்கும் நோய்க்கு சீலியாக் என்று பெயர். அதற்கான ரத்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருள் குறைந்துகொண்டே போகும். நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வரும்.

நான் நாலு மாதம் நிறுத்திவிட்டுப் போனேன். நெகட்டிவ். அன்று ராத்திரியே பரோட்டா வாங்கித் தின்றேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்து பார்த்த டாக்டர், "ஆறு வாரம் தினமும் ரெண்டு வேளையாவது கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். அந்த ஆறு வாரமும் உப்புசம், பேதி, ஆபீஸில் பாத்ரூமுக்குப் பக்கத்து நாற்காலி. பிறகுதான் ரத்தத்திலும் எண்டோஸ்கோபியில் எடுத்த சதையிலும் உறுதியானது. செலவு இரண்டு மடங்கு.

சரியாகிவிட்டதே, பெயர் எதற்கு என்பீர்கள். சீலியாக் என்றால் ஆயுசு முழுக்க, ஒரு சிட்டிகைகூட ஆகாது. கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது. வெறுமனே ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கல்யாண வீட்டில் ஒரு பூரி தின்றதற்காக நடுங்க வேண்டாம்.

பெருங்காயம்

சப்பாத்தியை ஒழித்த பிறகும் எனக்கு வயிறு அடங்கவில்லை. வயிறு சரியில்லை என்று தினமும் குடித்த ரசமே காரணம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்; அசல் பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்தது. பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு. அரிசி மாவு சேர்த்ததும் விற்கிறார்கள், பொடி எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

பாலுக்கு ஒரேயடியாக முழுக்குப் போடுவது

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது. சீலியாக்கில் அந்தச் சுவர் சேதப்படுவதால்தான் பலருக்குப் பாலும் சேர்ந்து ஒத்துக்கொள்ளாமல் போகிறது. குளூட்டனை விட்டுக் குடல் ஆறினால் பால் திரும்பலாம். எனக்கு முதலில் தயிர் வந்தது, ஒரு வருஷம் கழித்துக் காபி. தயிரில் கிருமிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. நெய்யில் அது இல்லை என்றே சொல்லலாம். பால் குடித்தால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம், நெய்கூட டாக்டரைக் கேட்டுத்தான்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால்

ருசிக்குச் சரி. கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை.

சத்துமாவு

கோதுமையோ பார்லியோ இருக்கலாம். படிக்காமல் கரைக்காதீர்கள்.

ஓட்டல் தோசை

பரோட்டா போட்ட அதே கல். நான் இட்லியோடு சரி. சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று கேட்டால் சப்ளையர் ஏற இறங்கப் பார்க்கிறார். தேங்காய்ச் சட்னி மட்டும் வைக்கச் சொல்லிவிடுகிறேன்.