கணவாய்ச் சாவடி: முதல் தடவை ஆடுபவர்களுக்கு மூன்று மணி நேரக் கதை

புளியரை வயல் முடிந்து ரோடு வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் பஸ் கியர் மாற்றும்போது, சின்ன வயதில் நான் சீட்டை விட்டு எழுந்து நின்றுகொள்வேன். கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசல் தாண்டினால் கடைப் பலகையில் எழுத்து மாறிவிடும், கண்டக்டரிடம் சில்லறை கேட்கிற பாஷை மாறிவிடும். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர்தான். கோடு நகர்ந்தது, கணவாய் அங்கேயே இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு ரோல்பிளே விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, முதல் கதை இந்தக் கணவாயில்தான் நடக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். 'இப்போது என்ன செய்கிறாய்?' என்று அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கு ஆரம்பம். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கதையில் வரும் விலங்கு, பூதம் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் சாமான்

கேம் மாஸ்டர் போக நாலு பேர், பென்சில், தாள், பகடை. இருபது முகப் பகடை நம் ஊர்க் கடையில் கிடைக்காது. ஆன்லைனில் வாங்கலாம், போனில் ஆப் இருக்கிறது. ரெண்டும் வேண்டாம் என்றால் ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட மறக்காதீர்கள். கணக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டில் சீட்டு டப்பாவில்தான் ஆரம்பித்தோம். இருபது வந்தால் பிள்ளைகள் 'தாயம்' என்று கத்துவார்கள், இப்போது எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

விதி ஒன்றே ஒன்றை மனதில் வைத்தால் போதும். இருபதுமுகப் பகடையில் விழுந்ததோடு கதாபாத்திரத்தின் திறமை எண்ணைக் கூட்டுங்கள். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதுக்கு 20 தொட வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் ராஜ்யம், நூறு வருஷச் சண்டை, ஏழு கடவுள் என்று ஆரம்பித்து முதல் அரை மணி நேரம் பாடம் நடத்திவிடுகிறார்கள். வேண்டாம். முதல் கதைக்கு ஒரு கேள்வி போதும். நம்முடையது இது: கணவாய்ச் சாவடி மூன்று நாளாக ஏன் மூடிக் கிடக்கிறது?

மேலே இருந்து மிளகு வண்டி இறங்கவில்லை. கீழே இருந்து போன அரிசி வண்டி திரும்பவில்லை. அடிவாரச் சந்தையில் உப்பு மண்டி வைத்திருக்கும் பெரியம்மா ஆளுக்குப் பத்துப் பொற்காசு தருகிறாள், போய்ப் பார்த்து வரச் சொல்லி. வரைபடத்தில் மூன்றே இடம்: சந்தை, ஏற்றப் பாதை, பாறையைக் குடைந்து கட்டிய சாவடி. இதற்கு மேல் ஒன்றும் வரையாதீர்கள்.

கதாபாத்திரங்களை நீங்களே செய்து கொடுங்கள்

வாள்வீரர், களவாணி, வைத்தியம் தெரிந்த பூசாரி, மந்திரவாதி என்று நாலு தாள் தயாராக இருக்கட்டும். முதல் நாளே உட்கார்ந்து உருவாக்கச் சொன்னால் விளையாடுவதற்குள் தூக்கம் வந்துவிடும். பெயரை மட்டும் அவர்களே வைக்கட்டும். நாலு பேரும் ஏற்கெனவே ஒரே மாட்டுவண்டியில் ஏறிவிட்டார்கள் என்று தொடங்குங்கள். 'நான் ஏன் உங்களோடு வர வேண்டும்?' என்ற வழக்குக்கே இடம் இருக்காது.

தாளில் ஒரு வரியை மட்டும் கவனமாக நிரப்புங்கள்: தெரிந்த மொழிகள். நிறையப் பேர் இதைப் பார்க்கவே மாட்டார்கள். விதிப்படி மனித இனத்துக்குப் பொது மொழியோடு விருப்பமான இன்னொரு மொழியும் உண்டு. நாலில் ஒருவருக்கு அந்த இடத்தில் 'பூத பாஷை' என்று எழுதிவிடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டாம். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவும் தேவையில்லை, செக்போஸ்டில் ரெண்டு பாஷையும் தெரிந்தவர் இறங்கிப் பேசினால் வண்டி சீக்கிரம் கிளம்பும் என்று எல்லோருக்கும் தெரியும்.

காட்சி ஒன்று: மாடு நகர மறுக்கிறது

சாரல். பாதி ஏற்றத்தில் மாடு நின்றுவிட்டது. இப்படிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். யாராவது இறங்குவார்கள், யாராவது சுற்றிப் பார்ப்பார்கள்.

சேற்றில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள், குழந்தை அளவு, ஆனால் மூன்றே விரல். இந்தத் துப்பைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், தேடியவருக்கு அப்படியே கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் குறைவாக விழுந்துவிட்டால் கதை அங்கேயே முட்டி நிற்கும். 15 தொட்டவருக்குக் கூடுதலாக ஒன்று: அந்தத் தடங்கள் எதையோ இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன, நடுவில் பல தடவை நின்று நின்று.

காட்சி இரண்டு: விசில் சத்தம்

காட்டில் செந்நாய் ஓநாய் மாதிரி ஊளையிடாது, விசிலடித்துத்தான் ஒன்றையொன்று கூப்பிடும். கேம் மாஸ்டர் இங்கே உதட்டைக் குவித்து மெதுவாக ஒரு விசில் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் திருப்பிக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது போல இன்னொன்று. மேஜை அமைதியாகிவிடும்.

விதித்தாளில் ஓநாய்க்கு உள்ள எண்களையே செந்நாய்க்கு எடுத்துக்கொள்ளலாம். உயிர்ப்புள்ளி (அடிபட அடிபடக் குறையும் எண்) 11, தற்காப்பு எண் (அடிக்க வருபவர் பகடையில் தொட வேண்டியது) 13, தாக்கும்போது பகடையோடு 4 கூட்டல். கடித்தால் ரெண்டு நாலுமுகப் பகடை உருட்டி 2 கூட்ட வேண்டும், அதாவது 4 முதல் 10 வரை சேதம். முதல் நிலை, அதாவது புதிதாக ஆரம்பிக்கும் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளியே ஏழெட்டுதான், ஒரே கடியில் விழலாம். அதனால் எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். நாலு பேருக்கு ரெண்டு செந்நாய் போதும். மூன்று வந்தால் கடுமையான சண்டை, நாலு வந்தால் யாராவது செத்துப்போகும் அளவுக்குப் போய்விடும். கூட்டமாகத் தாக்கினால் ரெண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம் என்று ஓநாய்க்கு ஒரு சலுகை இருக்கிறது. முதல் ஆட்டத்தில் அதை விட்டுவிடுங்கள், நான் விடாமல் ஒரு தடவை வருத்தப்பட்டிருக்கிறேன்.

உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் உடனே சாவு கிடையாது. அவர் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடை: 10 அல்லது மேலே என்றால் ஒரு வெற்றி, கீழே என்றால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் தங்கும், மூன்று தோல்வி வந்தால் போய்விடும். 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு கண் விழிப்பார். இதைச் சண்டை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விழுந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு விதி விளக்க முடியாது.

சண்டை போட்டே தீர வேண்டும் என்பதும் இல்லை. வண்டியில் என்ன சரக்கு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்: அரிசி, கருப்பட்டி, ஒரு மூட்டை கருவாடு. எங்கள் ஆட்டத்தில் அக்கா மகள் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், 'மாமா, கருவாட்டை அந்தப் பக்கம் வீசினால் நாய் அதுக்குப் போகாதா?' என்று கேட்டாள். போகும். இப்படி ஒரு யோசனை வந்தால் சுலப எண்ணான 10-ஐ வைத்து உருட்டச் சொல்லுங்கள். பாதி மூட்டை போனது, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் மேலே ஏறினார்கள்.

அடிபட்டிருந்தால் ஒரு மணி நேரம் பாறை நிழலில் ஓய்வெடுக்க விடுங்கள். விதிப்படி கொஞ்சம் உயிர்ப்புள்ளி திரும்பும்.

காட்சி மூன்று: சாவடி

கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. உள்ளே மூன்று குள்ளப் பூதங்கள், விதிப்புத்தகம் காப்ளின் என்று சொல்லும் ஜாதி. உயிர்ப்புள்ளி 7, தற்காப்பு எண் 15. சாவடிக் காவலரைக் கட்டி வைத்திருக்கின்றன, ஆனால் அவர் பக்கத்தில் ஒரு தட்டில் சோறு இருக்கிறது. இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கவனிக்கிறவர் கவனிப்பார்.

நடந்தது இதுதான். மழையில் பூதங்களின் குகை சரிந்தது. தப்பி வரும்போது சாவடிப் பின்னறையிலும் பாறை விழுந்து, ஒரு பூதக் குட்டி அதன் அடியில் மாட்டிக்கொண்டது. உதவி கேட்டன, காவலருக்குப் புரியவில்லை, ஈட்டியை எடுத்தார். அதற்குப் பிறகு அவை யாரையும் உள்ளே விடவில்லை.

பூதம் பேசுவதைப் புரியாத சத்தமாகவே பேசுங்கள். பாஷை தெரிந்த கதாபாத்திரத்தை ஆடுபவரின் காதில் மட்டும் அர்த்தத்தைச் சொல்லுங்கள். எங்கள் மேஜையில் பூத பாஷைத் தாள் கேரளத்துத் தென்மலைப் பக்கத்திலிருந்து வந்த பையனிடம் இருந்தது. அவன் காதில் நான் மலையாளத்திலேயே சொன்னேன்: 'குஞ்ஞு கல்லின்டெ அடியிலாணு.' அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று மற்றவர்களிடம், 'வாளைக் கீழே போடுங்க. அதோட பிள்ளை கல்லுக்கு அடியில மாட்டிக்கிட்டு இருக்கு' என்றான். அன்றைக்கு வரைக்கும் அதிகம் பேசாத பையன்.

முதலிலேயே வாளை உருவிவிட்டார்களா, தடுக்காதீர்கள். ஒரு பூதம் விழுந்ததும் மற்ற ரெண்டும் ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் பின்னறையைக் கை காட்டட்டும். பாஷை தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் சைகையில் பேசலாம், அதற்கு 15.

பாறையைப் புரட்டவும் 15. ஒருவர் தள்ள இன்னொருவர் கை கொடுத்தால், தள்ளுபவர் ரெண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். தோற்றால் குட்டியைச் சாகடிக்காதீர்கள். பாறை நகரும், ஆனால் இன்னொரு கல் உருண்டு தள்ளியவர் மேல் விழும், ஆறுமுகப் பகடை அளவு சேதம்.

முடித்த பிறகு

இரண்டாம் நிலைக்கு ஆளுக்கு 300 அனுபவப் புள்ளி (எதிரியை வென்றால் சேர்வது) வேண்டும். இந்தக் கதையில் எல்லாரையும் வெட்டினாலும் பங்கு போட்டால் ஆளுக்கு அறுபத்துச் சொச்சம்தான் தேறும். கணக்குப் பார்க்காமல் நாலு பேரையும் இரண்டாம் நிலைக்கு ஏற்றிவிடுங்கள், வெட்டாமல் முடித்தவர்களையும்தான்.

பெரியம்மாவின் காசை எண்ணிக் கொடுத்த பிறகு ஒன்று சொல்லுங்கள். சாவடிப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில், காவலர் எழுதாத ஒரு வரி இருக்கிறது. எந்த எழுத்து என்று நாலு பேருக்கும் தெரியவில்லை. விடையை நீங்களும் இப்போது யோசிக்க வேண்டாம். பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டே அது என்னவாக இருக்கும் என்று பேசிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரத்துக் கதையை அதிலிருந்துதான் எடுக்கப் போகிறீர்கள்.